பிஸ்கட் டின்

உடற்கூறியல் துறையில் ட்யூட்டராகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, எலும்பு பொறுக்குவது. தேர்வுக்கு ஸ்பாட்டர், அதாவது மாணவர்கள் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய எலும்புகள், வைக்க வேண்டும். மரப்பெட்டி நிறைய கழுத்து முள்ளெலும்புகள் கலந்து கிடக்கும். புத்தகப் படத்தில் இருப்பது மாதிரியே இருந்தால் தட்டில் வைக்கலாம். கொஞ்சம் கோணலாகவோ, துளை கூடுதலாகவோ, பிளந்தோ இருந்தால் அலமாரி மேலிருந்த பழைய பிஸ்கட் டின்னுக்குப் போய்விடும். மாணவர்கள் குழம்பக் கூடாதாம். அந்தக் காரணம் எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது.

கழுத்து எலும்பை அடையாளம் காண்பது மிகச் சுலபம். இரண்டு பக்கமும் குறுக்கு முனையில் ஒவ்வொரு துளை இருக்கும். முதுகிலோ இடுப்பிலோ எந்த முள்ளெலும்புக்கும் அது கிடையாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் வெர்டிப்ரல் தமனி, பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது எலும்பின் துளையில் நுழைந்து, மாடிப்படி ஏறுவது மாதிரி ஒவ்வொன்றாக மேலே போகும். ஏழாவதிலும் துளை உண்டு, ஆனால் வழக்கமாக அதில் தமனி போகாது, சிறு சிரைகள்தான் போகும். ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தில் அதே ஏழு எலும்புதான் என்று முதல் வகுப்பில் சொல்வேன். கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும்.

அந்த வருட வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒரு மாணவி ஆறாவது எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டின்னுக்குப் போகாமல் என் கண்ணுக்குத் தப்பியது அது. "மேடம், இந்தப் பக்கம் ரெண்டு ஓட்டை இருக்கு."

"பூச்சி அரிச்சிருக்கும்மா. அடுத்ததைச் சொல்லு."

அவள் விடவில்லை. மேஜையில் கிடந்த ஈர்க்குச்சியை எடுத்து, பெரிய துளைக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்னத் துளையில் விட்டாள். மறுபக்கம் சுத்தமாக வெளியே வந்தது. பூச்சி அரித்திருந்தால் உள்சுவர் சொரசொரப்பாக இருக்கும். இது வழுவழுவென்று இருந்தது. பிறவியிலேயே அமைந்த இரட்டைத் துளை. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனாலும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், எக்ஸ்டெர்னல், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அடுத்த எலும்பை நீட்டிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் நியூரோசர்ஜரியிலிருந்து ஒரு சார் எங்கள் துறைக்கு இறங்கி வந்தார். மறுநாள் ஒரு நோயாளிக்கு அட்லஸில், அதாவது கழுத்தின் முதல் எலும்பில், ஸ்க்ரூ போட வேண்டும். தன் பி.ஜி.க்களுக்கு, மேற்படிப்பு மாணவர்களுக்கு, எலும்பைக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டுமாம். நான் தட்டிலிருந்த அழகான அட்லஸ்களை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. கெட்டதா ஏதாவது இருக்கா?" என்றார்.

டின்னைக் கவிழ்த்தேன். அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கினார். அட்லஸ் உடல்பகுதி இல்லாத வெறும் வளையம். அதன் பின்வளைவின் மேல்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. வெர்டிப்ரல் தமனி அதில் படிந்து வளைந்துதான் மண்டைக்குள் போகும். அவர் எடுத்ததில் அந்தப் பள்ளத்தின் மேல் தீக்குச்சித் தடிமனில் எலும்புப் பாலம் ஒன்று வளைந்து நின்றது. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குகை. ட்ரிப் செட் குழாயில் ஒரு துண்டை வெட்டி அதற்குள் நுழைத்தார். "இதுதான் ஆர்ட்டரி. இப்போ பின்னாலிருந்து பாருங்க."

பார்த்தேன். பாலமும் வளைவும் சேர்ந்து ஒரே தடித்த எலும்பாகத் தெரிந்தன. 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அந்த நம்பிக்கையில் ட்ரில் வைத்தால் நேராகத் தமனியில் போய் நிற்கும். அதனால்தான் முன்கூட்டியே சி.டி. ஆஞ்சியோ எடுத்துத் தமனியின் பாதையைப் பார்த்துவிடுகிறோம் என்றார். அதைவிட அவர் போகிறபோக்கில் கேட்டதுதான் எனக்கு உறைத்தது: "ஏம்மா இதையெல்லாம் டின்ல போட்டு வெச்சிருக்கீங்க?"

எங்கள் அட்டெண்டர் அண்ணன் கதை இதற்குப் பிறகு நடந்தது. வலது கை சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது, பாரம் தூக்கினால் விரல்கள் வெளுத்துவிடுகின்றன என்பார். கழுத்துத் தேய்மானம் என்று எங்கோ சொல்லி மாதக்கணக்கில் காலர் போட்டிருந்தார். ஒருநாள் நானே கூட்டிப்போய் கழுத்தும் மேல்மார்பும் சேர்ந்து தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். ஏழாவது கழுத்தெலும்பிலிருந்து குட்டியாக ஒரு விலா எலும்பு முளைத்திருந்தது. நூற்றில் ஒருவருக்குக்கூட இது இருக்காது, இருப்பவர்களில் பலர் சாகும்வரை தெரியாமலே இருந்துவிடுவார்கள். இவருக்கு அது கைக்குப் போகும் நரம்புக் கற்றையின் அடிப்பகுதியையும் ரத்தக்குழாயையும் நெருக்கிக்கொண்டிருந்தது. பாரம் தூக்கும் வேலையை மாற்றிக் கொடுத்தோம், பிசியோதெரபியும் கைகொடுத்தது. ஆபரேஷன் வரை போகவில்லை. இந்தக் கூடுதல் விலாவால் இன்னொரு தொல்லையும் உண்டு. மேலே இருக்கும் விலாவை முதல் விலா என்று நினைத்து எண்ணினால் கணக்கு ஒன்று தப்பும், தவறான மட்டத்தில் கத்தி வைக்க நேரலாம்.

பிறவியிலேயே இரண்டு மூன்று எலும்புகள் ஒட்டிக்கொண்டு கழுத்து குட்டையாகிவிடுவதை 1912-இல் கிளிப்பெல், ஃபைல் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். அப்படி ஒருவர் ஆபரேஷன் மேஜையில் படுத்தால், கழுத்தை நிமிர்த்தி மூச்சுக்குழாயில் ட்யூப் போட மயக்க மருத்துவர் படும் பாட்டை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தேர்வுக்கு இப்போதும் புத்தகத்து எலும்பைத்தான் வைக்கிறேன். பாஸ் மார்க் வாங்க வேண்டிய பிள்ளைகளை வம்பில் மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டின் அலமாரியிலிருந்து இறங்கி டெமோ மேஜைக்கு வந்துவிட்டது, பக்கத்தில் ஒரு கட்டு ஈர்க்குச்சியும்.

போன மாதம் நள்ளிரவில் வாட்ஸாப்பில் ஒரு சி.டி. படம் வந்தது. அனுப்பியது அந்த மாணவி. இப்போது ரேடியாலஜி பி.ஜி. பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையனின் அட்லஸ், பின்வளைவில் நட்டநடுவே ஒரு பிளவு. முறிவு என்று எல்லோரும் பரபரப்பாக இருந்தார்களாம். பெரிதாக்கிப் பார்த்தேன். பிளவின் இரண்டு விளிம்பும் உருண்டு, வழுவழுவென்று, வெள்ளைக் கோடு கட்டியிருந்தன. வளையம் வேறெங்கும் உடையவில்லை. பிறக்கும்போதே சேராமல் விட்ட இடம்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "பூச்சி அரிக்கலையே மேடம்?"