மூச்சு வாங்கும் தூரம்

அப்பாவுக்கு இப்போதெல்லாம் ஒரு கரண்டு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைதான் நிற்காமல் நடக்க முடியும். அங்கே கையை ஊன்றி நின்று, நாலைந்து தடவை மூச்சை இழுத்து விட்டு, அப்புறம்தான் அடுத்த கம்பம். 26 வருஷம் கல்குவாரியில் கம்ப்ரசர் வண்டியோடு திரிந்து பாறையில் துளை போட்டவர். இருமல் வந்தபோது டிபி என்று சொல்லி மாதக்கணக்காக மாத்திரை கொடுத்தார்கள். வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்ட பிறகுதான் சிலிக்கோசிஸ் என்று தெரிந்தது. நுரையீரலில் படிந்த கல் தூசியை எடுக்க மருந்து கிடையாது, மோசமாகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

போன மாதம் அப்பாவையும், அவரோடு வேலை பார்த்த ஒரு மாமாவையும் அந்தக் கல்லைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். மூடிக் கிடக்கிற பழைய குவாரி ஒன்றின் ஓரத்தில், கூட வேலை பார்த்தவர்களே நட்டு வைத்த கல் அது. பாறை சரிந்து இறந்துபோன இரண்டு பேருடைய பெயர் இருக்கிறது. பெயரை வெட்டியது அப்பாதான். வருஷத்துக்கு ஒரு நாள் பத்துப் பேர் போய் மாலை போட்டு, சூடம் கொளுத்திவிட்டு வருவார்கள். இந்த மூன்று வருஷமாக அப்பா போகவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை, அது என் தப்பு. வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து 200 அடி இருந்தால் அதிகம். அவ்வளவு பக்கத்தில்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 200 அடியும் உதிரிச் சல்லி. லாரி போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு போன சக்கர நாற்காலியின் முன்சக்கரம் இரண்டும் பத்தடியிலேயே சல்லிக்குள் புதைந்து நின்றுவிட்டது. தள்ளினால் நாற்காலி முன்னால் சாய்கிறது. திருப்பிப் போட்டுப் பின்னால் இழுத்துப் பார்த்தேன், கொஞ்ச தூரம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. காலை பத்து மணி, ஒரு மரம் கிடையாது, நாற்காலியின் இரும்புக் கைப்பிடி தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அப்பா சொன்னார்: "எய்யா, நீ மாமாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வா. நான் இங்கனயே இருக்கேன்."

மாமாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வெடிக்காமல் கிடந்த வெடியில் போனது, அப்போது அவருக்கு நாற்பது வயசு இருக்கும். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல் கிட்டே போனதும் தோளை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைத் தடவி, மேல் விளிம்பிலிருந்து கீழே இறக்கி, முதல் எழுத்தைத் தேடிப் பிடித்தார். 'மு'வின் சுழி ஓடுகிற பள்ளத்துக்குள் ஆள்காட்டி விரல் போய் வந்தது. அடுத்த எழுத்து. அதற்கு அடுத்தது. பெயர் முழுவதையும் வாய்க்குள் சொல்லி முடித்தார். அப்பா ஆழமாக வெட்டியிருந்ததால் அது முடிந்தது. பளபளவென்று பாலிஷ் போட்ட பலகையில் தங்க பெயிண்டால் எழுதியிருந்தால் மாமாவின் விரலுக்கு அங்கே ஒன்றுமே கிடைத்திருக்காது. பிரெய்ல் வைக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் புள்ளி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது வேண்டும், நிச்சயமாக வேண்டும். ஆனால் நாற்பது வயசில் கண் போனவர் பிரெய்ல் எங்கே படித்தார்? வெட்டெழுத்துத் தமிழ் அவருக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "எழுத்து இன்னும் நல்லா இருக்கா?"

என் மனசை அறுத்தது அந்தக் கேள்விதான். தன் கையால் வெட்டிய எழுத்தை 200 அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு அடுத்தவரிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

என் பெரியம்மா மகள் நர்சாக வேல்ஸில் இருக்கிறாள், கார்டிஃப் பக்கம். இதைச் சொன்னதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கனித் என்ற ஊருக்குப் போய் அங்கிருந்து வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டாள். அங்கே 1913 அக்டோபர் 14 அன்று நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து, அந்தத் தீ நிலக்கரித் தூசியில் பற்றிப் பரவி, 439 தொழிலாளிகள் செத்துப்போனார்கள். காப்பாற்றப் போனவர் ஒருவரும் இறந்தார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2013இல் அதே தேதியில், அங்கே ஒரு நினைவிடம் திறந்தார்கள். வெண்கலச் சிலை, இறந்தவர்கள் பெயர் பதித்த சுவர், வேல்ஸில் நடந்த மற்ற சுரங்க விபத்துகளைச் சொல்லும் ஒரு நினைவுப் பாதை. அப்பா சிலையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. "தரையைக் காட்டு தாயி, தரையைக் காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த விபத்துக்காகச் சுரங்க மேலாளருக்குப் போட்ட அபராதம் வெறும் 24 பவுண்டு என்று அவள் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நம் பக்கத்திலும் இது புதுசு இல்லை. 2022 மே மாதம் நெல்லை மாவட்டத்து அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராத்திரி நேரத்தில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். 300 அடி ஆழம். கடைசி உடலை எடுக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் அப்பா டிவியை விட்டு நகரவில்லை. நெல்லையைச் சுற்றி இத்தனை குவாரி, கல் உடைக்கிற கிரஷர் இத்தனை. இங்கே செத்தவர்களுக்கும் நுரையீரல் போனவர்களுக்கும் ஒரு நினைவுப் பாதை வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். வந்தால் அதற்கு முதலில் வருகிறவர்கள் யாராக இருப்பார்கள்? மூச்சு வாங்குகிறவர், கால் போனவர், கண் போனவர், முழங்கால் தேய்ந்த அவர்கள் பெண்சாதிமார். ஆகவே பாதையை அவர்கள் உடம்பை வைத்துத்தான் அளக்க வேண்டும். சிலை எத்தனை அடி உயரம் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. பொது இடம் எல்லோருக்கும் எட்ட வேண்டும், அதற்கான அளவுகள் கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாய்தளத்துக்குக் கணக்கு ரொம்ப எளிது, ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம். எங்கள் வட்டாரத்தில் ஒரு தியாகியின் நினைவிடத்தில் மூன்று படி இருக்கிறது, ஒவ்வொன்றும் அரையடி. 18 அடிச் சாய்தளம் போதும், முன்னால் 40 அடி காலி இடம் கிடக்கிறது, இன்னும் யாரும் போடவில்லை. மெரினா மணலிலேயே 2022இல் கடல் பக்கம் வரை மரப்பாதை போட்டுச் சக்கர நாற்காலியைக் கொண்டுபோனார்கள். புயலில் அது சேதமானதும் உண்மைதான், ஆனால் மணலில் முடிந்தது கரிசல் காட்டிலும் செம்மண்ணிலும் முடியாதா என்ன?

சட்டத்தில் இல்லாத சிலதை அப்பா சொன்னார். ஒரு கம்ப தூரத்துக்கு ஒரு திண்ணை வேண்டுமாம், சாய்ந்துகொள்ள முதுகுப் பக்கம் சுவரோடு. இளைப்பு உள்ளவன் குனிந்து கையைத் தொடையில் ஊன்றி உட்காருவான், அதனால் திண்ணை ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு திண்ணைக்கும் ஒரு வேம்பு. இங்கே மே மாதத்தில் நிழல் இல்லாத பாதை என்றால் பாதையே இல்லாத மாதிரிதான். தரைக்குப் பாலிஷ் கல் வேண்டவே வேண்டாம், ஒரு தூற்றல் விழுந்தால் வழுக்கும், கொத்தின கல்தான் காலைப் பிடிக்கும். பெயர்களை நாற்காலியில் இருக்கிறவன் கை எட்டுகிற உயரத்தில் வெட்ட வேண்டும். இதையெல்லாம் அவர் மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெரிய பாதை வருகிறபோது வரட்டும். இந்த 200 அடியை இப்போதே சரி பண்ணிவிடலாம் என்று நினைக்கிறோம். நிலத்துக்காரரிடம் பேசியாகிவிட்டது, அவர் சரி என்றுவிட்டார். சல்லியை வாரி ஒதுக்கி, மேட்டைச் சமன் பண்ணி, கிரஷர் தூளைக் கொட்டித் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால் நன்றாக இறுகிப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் புதையாது. நாலடி அகலம். இரண்டு இடத்தில் திண்ணை, மூன்று வேப்பங்கன்று. தூள் கொட்டுகிற அன்றைக்கு மட்டும் அப்பா வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஈரம் காய்ந்து தரை இறுகிய பிறகு வரச் சம்மதித்திருக்கிறார், உளியையும் சுத்தியலையும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். எழுத்து ஒன்றிரண்டு மங்கியிருக்கிறது என்று மாமா சொல்லிவிட்டார்.