18 அங்குல பேஸ் ட்ரம்முக்குத் தோல் மாற்றிய அனுபவம்

ட்ரம் செற்றில் காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய மேளம்தான் பேஸ் ட்ரம். அதில் சின்ன அளவு வைத்திருப்பவர்களுக்கு எல்லாரும் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான். தடித்த தோலாகப் போடு, உள்ளே தலையணை வை, முன்பக்கத்தில், அதாவது கேட்பவர்களைப் பார்க்கும் தோலில், ஓட்டை போடு. 22 அங்குல ட்ரம்முக்குள் மைக் வைத்து வாசிப்பவர்களுக்கு அது சரி. மாங்குளப் பக்கம் ஒரு தகரக் கூரைத் தேவாலயத்தில், மைக் இல்லாமல் 18 அங்குல ட்ரம் வாசிக்கிற எனக்கு அது துண்டாகச் சரிவரவில்லை.

எங்கள் செற் கொழும்பில் யாரோ வாசித்துவிட்டு விற்றது. பேஸ் ட்ரம்மின் விட்டம் 18 அங்குலம், ஆழம் 14. ஜாஸ் வாசிப்பவர்கள் விரும்பும் அளவு இது. அவர்களுக்கு நாதம் முக்கியம், எங்களுக்கோ தூக்குக்கூலி முக்கியம். பஸ்ஸில் ஏற்றலாம், ஓட்டோவின் பின் சீற்றில் வைக்கலாம். ஞாயிறு பூசை, கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா என்று கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் அலைகிறவர்களுக்கு இதைவிடத் தோதான ட்ரம் இல்லை.

வந்தபோது அதன் நிலைமை இதுதான்: அடிக்கும் பக்கத்தில் இரட்டைப் படலத் தோல், முன்தோலின் நட்டநடுவே கை போகிற அளவுக்கு ஓட்டை, உள்ளே ஒரு முழுத் தலையணை. பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கும் அண்ணை முதல் நாளே கேட்டார்: "தம்பி, உது மேளமோ, இல்லாட்டி ஆரும் கதவு தட்டினமோ?" தலையணையை எடுத்துப் பார்த்தோம். சத்தம் கொஞ்சம் கூடியது, நாதம் வரவில்லை. தோலை மாற்றாமல் வேறு வழியில்லை என்று முடிவாயிற்று.

எந்தத் தோல் என்பதில்தான் நேரம் போனது. ஒரு தோலின் சுருதியை அதன் விட்டம், இழுவை, எடை ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. விட்டம் குறைந்தால் சுருதி ஏறும். அதை இறக்க வேண்டுமென்றால் இழுவையைத் தளர்த்தலாம், அல்லது தோலின் எடையைக் கூட்டலாம். மிருதங்கம் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. தொப்பியில், அதாவது அதன் இடப்பக்கத் தோலில், ரவை பூசுவதே எடையைக் கூட்டிச் சுருதியை இறக்கத்தான். ரவை அளவுக்கு மிஞ்சினால் தொப்பி மந்தமாகிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சின்ன ட்ரம்முக்குத் தடித்த தோல் போடச் சொல்பவர்கள் இந்தக் கணக்கின் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். சுருதி இறங்கும், உண்மைதான். ஆனால் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும், முன்தோலை அசைக்கவும் கால் பலமாக விழ வேண்டும். ஸ்பீக்கர் இருந்தால் சவுண்ட்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். எங்களுக்கு ட்ரம்தான் ஸ்பீக்கர்.

தோலின் தடிப்பை மில் கணக்கில் சொல்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில். 10 மில் என்றால் கால் மில்லிமீற்றரும் கொஞ்சமும். ரெமோ நிறுவனத்தின் தோல்களில் அம்பாசடர் ஒற்றைப் படலம். எம்பரர், பின்ஸ்ட்ரைப் இரண்டும் இரட்டைப் படலம். பவர்ஸ்ட்ரோக் 3 இவற்றுக்கு நடுவில் நிற்பது: 10 மில் ஒற்றைப் படலத்தின் ஓரத்தில் மட்டும், உள்பக்கமாக ஒரு மெல்லிய வளையம் ஒட்டியிருக்கும். நடுப்பகுதி தடையில்லாமல் அதிரும், ஓரத்தில் எழும் கீச்சென்ற மேல் ஒலிகளை வளையம் அடக்கும். எவன்ஸ் நிறுவனத்தின் ஈமாடில் அந்த வேலையை வெளியே செருகும் நுரை வளையம் செய்கிறது. தடித்தது, மெல்லியது என்று மாற்றிப் போடலாம். நல்ல யோசனைதான், ஆனாலும் எங்கள் ஊர்ச் செம்மண் புழுதியில் நுரை எத்தனை நாள் நுரையாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியில் அடிக்கும் பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சுள்ள பவர்ஸ்ட்ரோக் 3, முன்பக்கத்துக்கு ஓட்டையில்லாத, பூச்சுள்ள அம்பாசடர் என்று தீர்மானித்தேன். பூச்சு இருந்தால் ஒலி கொஞ்சம் உருண்டையாக வரும். முன்தோலைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. பெயர் எழுதும் பலகையாகத்தான் அதைப் பார்க்கிறார்கள். சின்ன ட்ரம்மில் பாதி நாதம் அங்கேதான் இருக்கிறது. அடிக்கும் பக்கத் தோல் உள்ளே தள்ளும் காற்று முன்தோலை அசைக்க வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் காற்று அதன் வழியே போய்விடும்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். மரவளையத்தோடு சேர்த்து அளக்காதீர்கள். வளையத்தைக் கழற்றிவிட்டு, ஷெல்லின், அதாவது ட்ரம்மின் உடலின், ஒரு வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை அளக்க வேண்டும். 45.7 சென்றிமீற்றர் வந்தால் 18 அங்குலம்.

கொழும்பில் விசாரித்தபோது ஒரு கடையில் 18 அங்குல ஃப்ளோர் டொம் (தரையில் காலூன்றி நிற்கும், குச்சியால் அடிக்கும் ட்ரம்) தோலைக் காட்டி, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். விட்டம் ஒன்றுதான். ஆனால் பேஸ் ட்ரம் தோலின் வளையம், மேலே கொக்கிகளோடு உட்காரும் மரவளையத்துக்கு ஏற்றபடி செய்யப்படுவது. கம்பனிகள் இரண்டையும் தனித்தனியாக விற்பதற்குக் காரணம் அதுதான். வேண்டாம் என்று வந்துவிட்டேன். முன்தோல் வேறொரு கடையில் கிடைத்து, இரண்டு கார்ட்போர்ட் அட்டைகளுக்கு நடுவில் ஏ9 வீதி பஸ்ஸில் வந்து இறங்கியது. பவர்ஸ்ட்ரோக் கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. சூட்கேஸின் அடியில் தோலைப் படுக்கவைத்து, அதன் குழிக்குள் சேட்டுகளை அடுக்கியிருந்தான். பாரம் ஏறவில்லை, தோலும் மடங்கவில்லை.

மாட்டுகிற வேலை பொறுமையைக் கேட்பது. பழைய தோல்களைக் கழற்றியதும் ஷெல்லின் விளிம்பு முழுக்கச் செம்மண். துணியால் துடைத்து, விரலை ஓடவிட்டு வெட்டு, பள்ளம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். புதுத் தோலை வைத்து, ஆணிகளை முதலில் கையால் மட்டும் முறுக்க வேண்டும். அப்புறம் திறப்பால், ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது, ஒவ்வொன்றும் அரைச் சுற்றுக்கு மேல் போகாமல். நடுவில் உள்ளங்கையால் அழுத்தும்போது சுருக்கம் தெரிந்தால் இன்னும் கால் சுற்று. சுருக்கம் மறைகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே அடிக்கும் பக்கத் தோலை நிறுத்தினேன். முன்தோலை அதைவிடச் சற்று இறுக்கமாக வைத்தேன். ஒவ்வொரு ஆணிக்குப் பக்கத்திலும் விரலால் தட்டி, சுருதி ஒத்துவரும்வரை திருத்திக்கொண்டே போனேன். இந்த இடத்தில் கீபோர்ட் அண்ணையின் காது என் காதைவிட உதவியது.

முதல் அடியில் தேவாலயம் அதிர்ந்தது. கொஞ்சம் அதிகமாகவே. தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்ப, ஒரு அடி அடங்குமுன் அடுத்தது வந்து கலந்தது. தலையணையை மறுபடி தேடவில்லை. இரண்டு அங்குல அகலத்தில் தடித்த கம்பளித் துணியை வெட்டி, முன்தோலுக்கும் ஷெல்லுக்கும் நடுவே மேலிருந்து கீழாக இழுத்துப் பிடித்து, நடுவிலிருந்து விலக்கி மாட்டினேன். பழைய காலத்து வழி. ஒலியின் நீண்ட வால் குறைந்தது, கனமான வயிறு அப்படியே இருந்தது.

தோலோடு நேரடியாகச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாதாரணப் பெடல்கள் பெரிய ட்ரம்முக்கென்று அளவெடுத்தவை. 18 அங்குலத்தில் பீட்டர், அதாவது பெடலில் தோலை அடிக்கும் கட்டை, நடுவில் படாமல் மேலே போய் விழும், என்ன தோல் போட்டாலும் ஒலி மெலிந்துதான் வரும். பீட்டரின் கம்பியை இறக்கிப் பூட்டினேன், போதவில்லை. பெடலைப் பூட்டும் இடத்தில் ட்ரம்மைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கும் இரும்புத் தாங்கி ஒன்றை ஊர் வெல்டிங்காரர் செய்து தந்தார். தோல் மாற்றிய வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்த இரும்புத் துண்டுக்கும் உரியது.

மாரி மழையில் என்ன ஆகும் என்று பார்த்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இவை தோல் என்று பேர் மட்டும்தான், உள்ளபடி பொலியெஸ்ரர் படலம். 1957இல் ரெமோ பெல்லி தொடங்கிய நிறுவனமும் எவன்ஸும் இதைப் பரப்புவதற்கு முன் மேலை நாட்டு ட்ரம்களுக்கும் கன்றுத் தோல்தான். ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். கோயிலில் பறை வாசிக்கும் ஒரு ஐயா வந்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு நெருப்புக் காட்டத் தேவையில்லையோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப குளிருக்கு எங்க போய் நிப்பியள்?" என்று சிரித்தார்.

வெளியரங்குக்குப் போகும்போது மட்டும் இன்னும் வாக்குவாதம் உண்டு. சவுண்ட்காரர்கள் ட்ரம்மைக் கண்டதும் முன்தோலில் ஓட்டை எங்கே என்று கேட்பார்கள். ஒருவர் பிளேட்டையே எடுத்துவிட்டார். மைக்கை அடிக்கும் பக்கத்தில், பெடலுக்குச் சற்றுத் தள்ளி, தோலை நோக்கி வைக்கச் சொல்கிறேன். பெடலின் கிறீச் சத்தமும் சேர்ந்து வருகிறது, அதற்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டால் போதும்.