விம்மில் லேடெக் குறிகளைக் குறிகளாகவே பார்க்க வைத்தது

கட்டளைகளாக எழுதிப் பிடிஎஃப் ஆக்கும் லேடெக்கில் கணிதக் குறிப்பு எழுதும்போது கை வேகமாக ஓடிவிடும், மறுநாள் திருத்த உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். ஒரு கூட்டுத்தொடர், அதற்குள் இரண்டு கிரேக்க எழுத்து, பக்கத்தில் ஒரு சமனிலி என்று போனால் வரி முழுக்க பேக்ஸ்லாஷும் அடைப்புக்குறியும்தான் கண்ணில் படும், விட்டுப்போன கழித்தல் குறி படாது. ஒவ்வொரு தடவையும் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் நான் எழுதும் விம் என்ற உரைத்திருத்தியில் கன்சீல் (மறைத்தல்) வசதியைப் போட்டுப் பார்த்தேன்.

இது 2010-இல் வந்த விம் 7.3-இலிருந்தே இருக்கிறது. சின்டாக்ஸ் ஹைலைட்டிங் நிறம் பூசுவதோடு நிற்காமல், கட்டளையை மறைத்து அதன் இடத்தில் ஒரே ஓர் எழுத்தைக் காட்டும். கோப்பில் எதுவும் மாறாது, திரையில் மட்டும்தான். எவ்வளவு மறைப்பது என்பதற்கான கன்சீல்லெவலை 2 என்று வைத்ததும் ∑, ∫, ≤ எல்லாம் வந்துவிட்டன, ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் சாம்பல் நிறக் கட்டம். கன்சீல் என்ற ஹைலைட் குழுவுக்குத் தனி நிறம் இருப்பதுதான் காரணம், அதை கிளியர் செய்ததும் போய்விட்டது.

அடுத்தது கீழ்க்குறிகள். யூனிகோடில் சிறிய ஏ, ஐ, ஜே, கே போன்றவற்றுக்குக் கீழ்க்குறி வடிவம் உண்டு, பி, சி, டி-க்குக் கிடையாது. அதனால் ஒரே சமன்பாட்டில் ஒன்று அழகாக இறங்கி நிற்கும், பக்கத்தில் இருப்பது அடிக்கோட்டோடு அப்படியே நிற்கும். படிக்க இது இன்னும் மோசம். எந்த வகைக் குறிகளை மறைப்பது என்று சொல்லும் டெக்ஸ்_கன்சீல் மாறியில் இருக்கும் ஏ, பி, டி, எம், ஜி, எஸ் என்ற எழுத்துகளில் எஸ்தான் மேல்குறி கீழ்க்குறிகளுக்கு உரியது, அதை மட்டும் எடுத்துவிட்டேன்.

அப்புறம் நாள் முழுக்க என்னை அலைக்கழித்தது ℝ. மெய்யெண்களுக்கு பேக்ஸ்லாஷ், பெரிய ஆர் என்று நானே ஒரு சுருக்கக் கட்டளை வைத்திருக்கிறேன். விம் தன் சொந்தக் கோப்புகளுக்குப் பிறகு படிக்கும் ஆஃப்டர் கோப்புறைக்குள் சின்டாக்ஸ் கோப்புறையில் டெக்ஸ் கோப்பு ஒன்று போட்டு, அதற்கு ℝ என்று ஒரு வரி சேர்த்தேன். ℝ வந்தது, ஆனால் ⇒ காணாமல் போனது! அந்த அம்புக்குறிக்கான கட்டளையும் பேக்ஸ்லாஷ், பெரிய ஆர் என்றுதான் தொடங்குகிறது, ஒரே இடத்தில் இரண்டு பொருந்தினால் விம் கடைசியாக வரையறுத்ததையே எடுக்கும், ஆகவே ⇒ வரவேண்டிய இடமெல்லாம் ஒரு ℝ, அதன் வாலாக மிச்ச எழுத்துகள். அந்த வரியில் கட்டளையைத் தேடும் பேட்டர்னின் முடிவில், சொல் முடியும் இடத்தைக் குறிக்கும் \> என்ற குறியைச் சேர்த்ததும் சரியானது. சொந்தக் கட்டளை சேர்ப்பவர்கள் இதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது: நீளமான வரிகளை விம் மறைத்த எழுத்துகளையும் கணக்கில் வைத்தே மடிக்கிறது, அதனால் வரி பாதியிலேயே மடிந்து வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். நான் சமன்பாடுகளை உடைத்து, சிறு சிறு வரிகளாக எழுதப் பழகிவிட்டேன். கர்சர் வரியிலும் மறைக்கலாமா என்று சொல்லும் கன்சீல்கர்சரைக் காலியாகவே விட்டிருப்பதால் கர்சர் நிற்கும் வரி மட்டும் மூலக் கட்டளைகளோடு விரியும், திருத்த அது போதும். மூடாத அடைப்புக்குறியைத் தேடும்போது மட்டும் கன்சீல்லெவலை 0 ஆக்கிக்கொள்கிறேன், அதற்கென்று ஒரு விசையும் ஒதுக்கியாயிற்று.