பழுப்பேறிய கனெக்டரும் என் முதல் வேலையும்

அத்தை பையன் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறான். போன வாரம் போன் பண்ணி, "ஆட்டோமொபைல் எடுக்கவா, மெக்கானிக்கல் எடுக்கவா? நீ படிச்சது உனக்கு உதவுச்சா?" என்று கேட்டான். ஏதோ வளவளவென்று சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகுதான், நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

நான் சேர்ந்த காரணம் ரொம்ப சாதாரணம். கார் பிடிக்கும். சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவேன். அதையே ஒரு தகுதி என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதல் வருடம் முழுக்க ஒரு காரைக்கூடத் தொட விடவில்லை. கணிதம், இயற்பியல், வரைபடம், பட்டறை. பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னார்கள். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்தது. அதைச் சரி செய்தால் அடுத்த பக்கம் தெரிந்தது. மூன்று வாரம் இதே கதை. "கார் படிக்க வந்தவனை இரும்பு ராவ விட்டுட்டாங்க" என்று வீட்டில் புலம்பினேன். அந்த மூன்று வாரத்தை எவ்வளவு அலட்சியமாகக் கடந்தேன் என்பது மூன்றாம் வருடத்தில்தான் உறைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் வருடத்தில்தான் வண்டியின் வாசனை லேசாக அடித்தது. வெப்ப இயக்கவியல், பொருட்களின் வலிமை, பாய்ம இயக்கவியல், எந்திரங்களின் கோட்பாடு. 1876-ல் நிக்கோலாஸ் ஓட்டோ ஓட்டிக் காட்டிய நான்கு வீச்சு இன்ஜினின் சுழற்சியைத்தான் இன்றும் கரும்பலகையில் வரைகிறார்கள். அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் இருப்பது எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, 10 என்று வைத்துக்கொண்டால் சூத்திரப்படி திறன் 60 சதவீதம். அடுத்த வாரமே ஆய்வுக்கூடத்தில் ஒரு இன்ஜினை, அது தரும் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரில் கட்டி அளந்தோம். எனக்கு வந்தது 26. கணக்கில்தான் தப்பு என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சார் வந்து எட்டிப் பார்த்தார். ரேடியேட்டர் ஹோஸை லேசாகத் தொடச் சொன்னார். சுட்டது. பிறகு சைலன்சரைக் காட்டி, "இதைத் தொடாதே, தொடாமலே புரிஞ்சுக்கோ" என்றார். எரித்த பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் தண்ணீரோடும் இன்னொரு பங்கு புகையோடும் போய்விடுகிறது. சூத்திரத்துக்கும் அளவுக்கும் இடையில் காணாமல் போகிற அந்த மிச்சத்தைத் தேடிப் போவதுதான் இந்தப் படிப்பு. அன்று இதைச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்காது.

மூன்றாம் வருடம் ஃபார்முலா ஸ்டூடன்ட் அணியில் சேர்ந்தேன். மாணவர்களே ஒரு சின்ன ரேஸ் காரை வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்டும் போட்டி இது. 1981-ல் அமெரிக்காவில் ஃபார்முலா எஸ்ஏஇ என்று தொடங்கியது, 1998-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஸ்டூடன்ட் என்ற பெயரில் வந்தது. பெரும்பாலான அணிகள் ஒரு பைக் இன்ஜினை எடுத்துப் போடுகின்றன. பெட்ரோல் என்றால் உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போயாக வேண்டும். வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. வடிவமைப்பை நடுவர்கள் முன்னால் நின்று நியாயப்படுத்த வேண்டும், செலவுக் கணக்கு காட்ட வேண்டும்.

எனக்கு பிரேக் பொறுப்பு. பிரேக் சோதனையின் விதி ஒரே வரி: மிதித்தால் நான்கு சக்கரமும் லாக் ஆக வேண்டும், அதாவது சுழலாமல் நின்றுவிட வேண்டும். எங்கள் வண்டியில் பின்சக்கரம் மட்டும் லாக் ஆகி, வால் ஆட்டியது. நின்ற நிலையில் எடை முன்னும் பின்னும் பாதிப்பாதி இருந்ததால் பிரேக்கையும் அப்படியே பிரித்திருந்தேன். ஒரு சீனியர் அண்ணன் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார். வண்டியும் ஆளும் சேர்ந்து 300 கிலோ, எடை மையத்தின் உயரம் 0.3 மீட்டர், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 1.6 மீட்டர். புவியீர்ப்பைப் போல 1.4 மடங்கு வேகத்தணிப்பில் மிதித்தால் 79 கிலோ அளவுக்குச் சுமை முன்னால் சாய்கிறது. 150-க்கு 150 என்று இருந்தது 229-க்கு 71 ஆகிவிடுகிறது. 71 கிலோவைத் தாங்கும் பின்சக்கரங்களுக்குப் பாதி பிரேக்கைக் கொடுத்தால் அவை லாக் ஆகாமல் என்ன செய்யும்? மிதிக்கும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும், பெடலில் இருந்த பேலன்ஸ் பாரைத் திருகினோம், போதவில்லை. மிதியை பிரேக் திரவத்தின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில், முன்பக்கத்துக்கானதைச் சிறிய துளை உள்ளதாக மாற்றினோம். அதே மிதிக்கு அழுத்தம் கூடியது. சோதனையில் தேறினோம். பாடத்தில் ஏற்கெனவே படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிய சூத்திரம்தான் அது என்பது கூடுதல் அவமானம்.

அடுத்த நாள் எண்டூரன்ஸ் என்ற நீண்ட தூர ஓட்டம். 22 கிலோமீட்டர். பாதி வழியில் வண்டியை அணைத்து, ஓட்டுநர் மாறி, திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும். மொத்தம் 1000 மதிப்பெண்ணில் இந்த ஓட்டத்துக்கு மட்டும் 275 என்பதால் எல்லா அணிக்கும் வயிற்றைக் கலக்கும் இடம் இந்த மாற்றத்துக்குக் கிடைக்கும் மூன்று நிமிடம். எங்களுடையது ஸ்டார்ட் ஆகவில்லை. ரிலே 'டக், டக்' என்றது, அவ்வளவுதான். வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தோம். யாரும் யாரோடும் பேசவில்லை.

இரவு, வண்டியின் அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகரைத் திறந்தோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் போல இருந்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே 12.4. பிறகு 12.1. நிறுத்தும்போது 11.8. அந்த வரைகோடு ஓட்டம் முழுக்க திரையில் இருந்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. சார்ஜிங் ரெகுலேட்டரிலிருந்து வரும் கனெக்டரைக் கழற்றினேன். வெள்ளை பிளாஸ்டிக் டீத்தூள் நிறத்தில் பழுத்திருந்தது. உள்ளே இருந்த ஒரு உலோக முனை வயரை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அந்த முனையை கிரிம்ப் செய்தது, அதாவது வயரின் மேல் வைத்து இறுக அமுக்கிப் பிணைத்தது நான்தான். உரிய கருவியை யாரோ எடுத்துப் போயிருந்ததால் சாதாரண பிளையரால் நசுக்கிவிட்டு, "இது போதும்" என்று மேலே டேப் சுற்றியிருந்தேன்.

கணக்கு எளிது. இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை, 15 ஆம்பியர் மின்னோட்டம். ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைகிறது, பேட்டரிக்கு சார்ஜ் ஏற எதுவும் மிஞ்சுவதில்லை. தொலைந்தது வெப்பமாகிறது: 22.5 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைக் கனெக்டருக்குள் செருகி வைத்தது மாதிரி. ஒழுங்கான கிரிம்ப்பில் செம்பு இழைகள் ஒன்றோடொன்று காற்றுப் புகாதபடி இறுகிப் போகும். பிளையர் நசுக்கலில் இடுக்கு இருக்கும். முதல் வருடம் மூலைமட்டத்தில் தெரிந்த அதே இடுக்கு.

இறுதி வருடம் வேலை தேடினேன். கார் நிறுவனங்களுக்கு மட்டுமே விண்ணப்பித்தேன், "சிறு வயது முதலே கார்கள் மீது தீராத ஆர்வம்" என்ற வரியோடு. பதினொன்று அனுப்பினேன், பதினொன்றும் போன இடம் தெரியவில்லை. ஒரு காரின் பாகங்களில் பெரும்பகுதியைக் கார் நிறுவனம் செய்வதே இல்லை. பாஷ், டென்சோ, இசட்எஃப் போன்ற சப்ளையர்களும் அவர்களுக்குக் கீழே உள்ள ஆயிரக்கணக்கான சிறிய நிறுவனங்களும்தான் செய்கின்றன. வேலையும் அங்கேதான் அதிகம். அதை யாரும் சொல்லித் தரவில்லை. இன்னொரு குழப்பம் 'டிசைன்' என்ற சொல். காரின் அழகான வெளித்தோற்றத்தை வரைபவர்கள் தனியாக வாகன வடிவமைப்புக் கலை படித்தவர்கள். பொறியியல் படித்தவனுக்கு டிசைன் என்றால் ஒரு பிராக்கெட், ஒரு கீல், ஒரு சீல். முதல் வேலையில் முழுக் கார் யாருக்கும் கிடைப்பதில்லை.

சப்ளையர் நிறுவனம் ஒன்றில் நேர்முகம். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க வண்டி எத்தனையாவது வந்தது?" என்றார் ஒருவர். "முடிக்கவே இல்லை சார்." மற்றவர் அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "ஏன்?" என்றார். பலகையில் வரைந்தேன். 12.4, 12.1, 11.8. பழுப்பேறிய கனெக்டர். கிரிம்ப் போட்டது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். இருபது நிமிடம் அதைப் பற்றியே பேச்சு. கடைசியில், "கருவி இல்லைன்னா இனிமே என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "வேலையை நிறுத்திட்டுக் கருவியைத் தேடுவேன்" என்றேன். சேர்த்துக்கொண்டார்கள். வயரிங் ஹார்னஸ் பரிசோதனைப் பிரிவு. சிரிக்கத் தோன்றியது.

ஹார்னஸ் என்றால் கார் முழுக்க ஓடும் வயர்க்கட்டு. எவ்வளவோ ரோபோ வந்துவிட்ட இந்தத் தொழிலில் அது மட்டும் இன்றும் பெரும்பாலும் கையால்தான் கட்டப்படுகிறது. சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு சோதனை வண்டியில் கட்டுப்பாட்டுக் கணினிகள் விட்டு விட்டுப் பேசின. அவை பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்பது முறுக்கிய இரண்டு வயர். பாஷ் 1986-ல் அறிமுகப்படுத்தியது. இரண்டு கடைக்கோடியிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று பக்க இணைப்பில் இருக்கும், அதனால் வண்டியை அணைத்துவிட்டு நடுவில் அளந்தால் 60 காட்ட வேண்டும். மல்டிமீட்டரை வைத்தேன். 120. ஒரு கடைக்கோடி துண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். பின்கதவுக் கீல் பக்கம் ஒரு முனை கழன்றிருந்தது. லேப்டாப்பும் மென்பொருளுமாக ஒரு குழு அரை நாள் உட்கார்ந்திருந்த இடத்தில் எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. அன்றைக்குக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

அத்தை பையனுடைய அடுத்த கேள்வி மின்வாகனம் பற்றி. "இன்ஜினே இல்லைன்னா இந்தப் படிப்பு எதுக்கு?" பிஸ்டன், வால்வு, எரிபொருள் அமைப்பு இவற்றை மட்டுமே ஆழ்ந்து படித்த நண்பர்கள் சிலர் கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் பிரேக், சஸ்பென்ஷன், டயர், மோதல் பாதுகாப்பு, வயரிங் எதுவும் எங்கேயும் போகவில்லை. பேட்டரி கனமானது என்பதால் பிரேக் கணக்கு இன்னும் கடினமாகியிருக்கிறது. 2019-ல் போர்ஷே டைகான் என்ற மின்கார் 800 வோல்ட்டில் வந்தது. வழக்கமான 400-ஐ இரட்டித்தால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும், அதே கேபிளில் வெப்பம் கால்வாசி ஆகும். என் கனெக்டரைப் பழுக்க வைத்த அதே கணக்கு.

மெக்கானிக்கலா, ஆட்டோமொபைலா என்பதற்கு என் பதில் கொஞ்சம் வழவழா கொழகொழாதான். மெக்கானிக்கல் படித்தவர்களும் எங்களோடு இதே வேலைகளில் இருக்கிறார்கள், வாகனத் தொழில் மந்தமாகும்போது அவர்களால் வேறு பக்கம் தாவவும் முடிகிறது. மந்தம் வரும், அடிக்கடி வரும். ஆட்டோமொபைல்தான் என்றால் பாடத்திட்டத்தில் கட்டுப்பாட்டு அமைப்புகளும் மின்னணுவியலும் எத்தனை தாள் என்று பார்க்க வேண்டும். சிமுலிங்க் என்ற மென்பொருளில் ஒரு அமைப்பின் மாதிரியை உருவாக்கத் தெரிந்தவனுக்கும், 2011-ல் வந்த ஐஎஸ்ஓ 26262 என்ற செயல்பாட்டுப் பாதுகாப்புத் தரநிலையைப் படித்துப் புரிந்தவனுக்கும் கதவு சீக்கிரம் திறக்கிறது. ரேஸ் அணி வேலை என்று கனவு கண்டால் காணட்டும், இருக்கைகள் குறைவு என்று தெரிந்துகொண்டு காணட்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டிடத்தைப் பார்க்காமல், பட்டறைச் சாவி மாலை ஆறு மணிக்கு மேல் யாரிடம் இருக்கும் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை வருகிறான். ஒரு கிரிம்ப் கருவியும் வயர்ச் சுருளும் எடுத்து வைத்திருக்கிறேன். பத்து முனை போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கட்டும். ஒன்று கையோடு வந்தாலும் பத்தையும் திரும்பப் போட வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் படிப்பு என்று பேசலாம் என்றிருக்கிறேன்.