ஒரு நாள் பிந்திய பிறந்த திகதி

2025 செப்டெம்பர் 9, செவ்வாய்

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் ஒரு சிக்கனக் கடனுதவிச் சங்கத்துக்கு அங்கத்தவர் பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலை. அடையாள அட்டை எண்ணை அடித்ததும் பிறந்த திகதி தானாக விழ வேண்டும். ஏஐயிடம் கேட்டேன். தேநீர் ஆறுவதற்குள் நிரலும் வந்தது, அதைச் சோதிக்கும் நிரலும் வந்தது. எல்லாம் பச்சை, அதாவது எந்தச் சோதனையும் தவறவில்லை. பழைய எண்ணில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வரும் புதியதில் 12 இலக்கம், பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டுவது, எல்லாமே அதற்குத் தெரிந்திருக்கிறது. முன்பென்றால் அரை நாள் போயிருக்கும்.

செப்டெம்பர் 11, வியாழன்

சங்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். காசாளர் அக்கா வேறு யாருடையதையும் தொடவில்லை, தன் எண்ணைத்தான் முதலில் அடித்தார்.

"தம்பி, நான் யூலை பன்னிரண்டு. இதில பதின்மூன்று எண்டு காட்டுது."

விஷயம் இதுதான். அட்டை எண்ணில் ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கமும், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்லும். ஆனால் அந்தக் கணக்கில் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். 1985 யூலை 12, நாட்காட்டிப்படி 193ஆவது நாள், அட்டையில் 194. பெண் என்பதால் 694. ஏஐ எழுதிய நிரல் 694இல் 500ஐக் கழித்து, நாட்காட்டிப்படி எண்ணி, 13இல் போய் நின்றுவிட்டது. லீப் ஆண்டுக்காரருக்குச் சரியாக வரும், சனவரி பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கும் சரியாக வரும். மற்ற எல்லோருக்கும் ஒரு நாள் பிந்தும். சோதனையையும் அதே நினைப்பில் அதுவே எழுதியதால் பச்சை காட்டாமல் என்ன செய்யும்?

சொன்னதும் நொடியில் திருத்தித் தந்தது. சொல்வதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் நிரல் எழுதத் தெரியாத அக்கா. வயதைப் பார்த்துக் கடன் கொடுக்கும் இடம். ஒரு நாள்தானே என்று விட முடியாது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

மாலையில் டச்சுக் குடாக் கடற்கரையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பெடியன் ஒருவன் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நாங்கள் முடிச்சு வரேக்க வேலை இருக்குமா?"

1957இல் ஐபிஎம் போர்ட்ரான் என்ற நிரல் மொழியைக் கொண்டுவந்தபோதும் தானியங்கி நிரலாக்கம் என்றுதான் சொன்னார்கள், அதற்குப் பிறகு நிரலாளர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை என்றேன். உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அவனை ஏமாற்றியதாகும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கடந்த மாதம் வெளியிட்ட ஆய்வையும் சொன்னேன்: அமெரிக்காவில் 22 முதல் 25 வயது வரையான மென்பொருள் பணியாளர் எண்ணிக்கை 2022 கடைசியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 சதவீதம் விழுந்திருக்கிறது. மூத்தவர்களுக்கு அப்படி விழவில்லை.

இதில்தான் எனக்குக் கோபம். ஏஐ பொறியியலாளரின் இடத்தைப் பிடித்துவிடும் என்று நான் நம்பவில்லை. மீட்டர் என்ற ஆய்வுக் குழு யூலையில் வெளியிட்டதில், அனுபவமுள்ள 16 பேர் தங்களுக்குப் பழக்கமான நிரல்களிலேயே ஏஐயோடு வேலை செய்து 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்திருக்கிறார்கள். வேகமாகச் செய்ததாகத்தான் அவர்களே நினைத்தார்களாம். கருவிகள் இனியும் தேறும், அந்தக் கணக்கு மாறலாம். சரி. ஆனால் 694ஐப் பார்த்ததும் எங்கே பிசகியிருக்கும் என்று தேடத் தெரிந்த ஆள் பிறந்தபோதே அப்படி வருவதில்லை. சின்னச் சின்ன வேலைகளில் அடிபட்டு வருகிறவர். அந்த வேலைகளை ஏஐக்குக் கொடுத்துவிட்டுப் புதியவர்களை எடுக்காமல் விடும் நிறுவனங்கள், பத்து வருடம் கழித்து யாரைத் தேடப் போகின்றன?

செப்டெம்பர் 18, வியாழன்

அவனைச் சங்க வேலையில் சேர்த்துக்கொண்டேன், சம்பளத்தோடு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த பட்டியலை, இப்போது எல்லாக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். ஏஐயைத் தாராளமாகப் பாவிக்கட்டும். ஆனால் முதலில் பட்டியலை அக்காவோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்றேன்.

இன்றைக்கே ஒன்றைக் கண்டுபிடித்து வந்தான். சிலர் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறார்கள், ஒருமுறை பழைய எண்ணில், அட்டை மாற்றிய பிறகு புதியதில். எண்களை இணைப்பது சுலபம். இரண்டு பதிவிலும் கடன் நிலுவை வேறு வேறாக இருந்தால் எது செல்லும்? தலைவரிடமும் காசாளரிடமும் கேட்கச் சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறான்.