மூன்று கட்டம் விட்டுப்போச்சா?

வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனிகள் புதுச்சேரியில் நிறைய. அதில் ஒன்றில் டைப்செட்டிங் வேலை எனக்கு. சட்டமோ மருத்துவமோ, எது வந்தாலும் புரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. டேபிள் பக்கத்துக்குள் அடங்கினால் சரி. அந்த வழக்கத்தைக் கெடுத்தது, அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் லீகுகளின் வரலாறு பற்றி வந்த ஒரு புத்தகம்.

வந்த சில நாளிலேயே ஜூனியர் பெண் புரூஃபைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, ஸ்கோர் டேபிள்ல ஆறு இன்னிங்ஸ்தான் இருக்கு. நெட்ல ஒன்பதுன்னு போட்டிருக்கு. மூணு கட்டம் விட்டுப்போச்சா?”

விட்டுப்போகவில்லை. பேஸ்பாலில் பெரியவர்களுக்கு ஒன்பது, லிட்டில் லீக் என்ற சிறுவர் போட்டியில் ஆடும் பிள்ளைகளுக்கு ஆறு. ஒரு பேஸிலிருந்து, அதாவது ஓடித் தொடவேண்டிய முனையிலிருந்து, அடுத்த பேஸுக்கு 90 அடி ஓடவேண்டிய ஆட்டம், அவர்களுக்கு 60 அடி. சின்னக் கால்களுக்கு ஏற்ற மைதானம் வேண்டும் என்று யோசித்தவர் கார்ல் ஸ்டாட்ஸ். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1938-இல் உறவுப் பையன்களோடு பந்து பிடித்து விளையாடும்போது லைலாக் செடியில் கால் இடறியதாம். அப்போது வந்த யோசனை. மறு ஆண்டு, 1939 ஜூன் 6-ஆம் தேதி, முதல் ஆட்டம். லண்டி லம்பர் 23, லைகமிங் டெய்ரி 8. மூன்றாவது அணி ஜம்போ பிரெட்சல். அதாவது ஒரு மரவாடி, ஒரு பால் கம்பெனி, ஒரு தின்பண்டக் கம்பெனி. பனியன் வாங்கக் காசு கொடுத்தவர் பெயரே அணியின் பெயர்.

இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி பேனரைப் பாருங்கள். ஆடுகிறவர் பெயர் ஒன்றும் இருக்காது. முதல் பரிசு தருகிற நகைக்கடை, கோப்பை தருகிற ஹார்டுவேர் கடை, மதியச் சாப்பாடு தருகிற வட்டாரப் பிரமுகர் என்று கொடுத்தவர்கள்தான் வரிசையாக நிற்பார்கள்.

புத்தகத்தில் எங்களை நிறுத்தி வைத்தது 1955-ஆம் ஆண்டு டேபிள். தென் கரோலினாவின் சார்லஸ்டனில் கேனன் ஸ்ட்ரீட் ஒய்எம்சிஏ அணி, எல்லோரும் கறுப்பினச் சிறுவர்கள். ஸ்கோர் கட்டங்கள் காலி. ‘தகவல் இல்லை’ என்று தரச்சோதனையில் சிவப்பில் குறித்து அனுப்பிவிட்டார்கள். ஆசிரியரிடம் கேட்டோம். காலியாகவே விடுங்கள் என்று பதில் வந்தது. ஆட்டமே நடக்கவில்லை. அவர்களோடு ஆட மாட்டோம் என்று வெள்ளையர் அணிகள் விலகிக்கொண்டன. ஆடாமலே மாநிலச் சாம்பியன். ஆடி ஜெயிக்கவில்லை என்று அதையே காரணம் காட்டி மேல்சுற்றுக்கும் விடவில்லை. இறுதிச்சுற்று நடந்த வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தாளிகளாக அழைத்துப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்தார்கள். ‘அவர்களை ஆட விடுங்கள்’ என்று கூட்டம் குரல் கொடுத்தும் ஆட விடவில்லை. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். அந்தக் கட்டங்களில் ஒரு கோடாவது போடலாமா என்று டீம் லீட் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன்.

பெண் பிள்ளைகள் கதையும் உண்டு. 1950-இல் கேத்ரின் ஜான்ஸ்டன் பின்னலை வெட்டி, பையன் பெயரில் சேர்ந்து ஆடினாள். அடுத்த ஆண்டே பெண்களுக்குத் தடை. நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே 1972-இல் ஆடி, அது வழக்காகி, 1974-இல்தான் கதவு திறந்தது.

ஸ்கோர் எல்லாம் பழைய செய்தித்தாளில் கிடைத்துவிடும். யார் காசு கொடுத்தார், யாரை உள்ளே விடவில்லை என்பதுதான் தேடி எடுக்க வேண்டியது. நம் தெருப் போட்டிகளுக்கு அப்படித் தேட என்ன இருக்கிறது? ஸ்கோர் எழுதிய நோட்டு எடைக்குப் போயிருக்கும். என் தம்பி ஆடிய அணி பற்றி விசாரித்ததில், பேனர் அடித்த ஃபிளக்ஸ் கடைக்காரர் பழைய கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தார். தேதி, பரிசுத் தொகை, கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை இங்கே பரவாத காலத்துக் கோப்புகள். என் கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. சிலது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் சரியாக வந்துவிட்டது. மற்றது எந்த எழுத்துருவோ, சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.