பாழ் வேறு, ஆழ் வேறு

கிணற்றை வைத்தே பார்க்கலாம். நீர் வெகு கீழே கிடந்தால் அது ஆழ்கிணறு. தூர்ந்துபோய், வாளி இறக்க ஆளில்லாமல் கிடந்தால் பாழ்ங்கிணறு. ஒலியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இலக்கணத்தில் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

ஆழ் என்பது வினை. ஆழ்ந்தது, ஆழ்கிறது, ஆழும் என முக்காலமும் காட்டும். ஆழ்த்து என்று பிறவினையும் உண்டு. அதனால் ஆழ்கடல், ஆழ்துளை இரண்டும் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, 'ஆழ்க்கடல்' பிழை.

பாழ் இன்றைய வழக்கில் பெயர்ச்சொல். ('பாழ்த்த விதி' என்பதுபோன்ற வினையாட்சி பழைய பாடல்களில் உண்டு.) இந்த ஒரு சொல்லுக்காகவே தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா இருக்கிறது: 'பாழென் கிளவி மெல்லெழுத் துறழ்மே.' வல்லெழுத்தும் வரலாம், அதன் இன மெல்லெழுத்தும் வரலாம். ஆகவே பாழ்க்கிணறு, பாழ்ங்கிணறு இரண்டுமே சரி. ஒற்றெழுத்தைத் தின்றுவிட்டு 'பாழ்கிணறு' என்று எழுதும்போது அது ஆழ்கிணற்றின் அச்சில் வார்த்ததாகிவிடுகிறது. மெய்ப்புப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

'பாழும்' இன்னொரு பொறி. 'ஆழும் கப்பல்' என்பதில் ஆழும் எதிர்காலப் பெயரெச்சம். காலத்தை மாற்றி 'ஆழ்ந்த கப்பல்' எனலாம். 'பாழும் வயிறு' அப்படி மாறாது. பாழ்ந்த வயிறு, பாழ்கிற வயிறு என்று யாரும் சொல்வதில்லை. அங்கே பாழும் என்பது வெறும் வசவு, அலுப்பு.

பொருளுக்கு வருவோம். பாழ் வெறும் காலியிடம் அல்ல. இருக்க வேண்டியது இல்லாமல் போனால்தான் பாழ். 'நீறில்லா நெற்றிபாழ், நெய்யில்லா உண்டிபாழ்' என்கிறது நல்வழி. நெற்றியும் உண்டியும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கு உரியதுதான் இல்லை. அதனால் இயற்பியலில் காற்று நீக்கிய குழாயைப் பாழ் என்று சொல்ல முடியாது, அது வெற்றிடம். ஆளில்லாத நாற்காலி காலி. பயிரிடாமல் விட்ட வயலுக்குப் பாழ் பொருந்தும். ஆழத்துக்கோ இழப்பு என்ற சாயலே கிடையாது. மேற்பரப்பு ஒன்று இருந்து, அங்கிருந்து கீழே அளக்க முடிந்தால் போதும். 'ஆழ்ந்த மௌனம்' என்றால் நிறைவு தொனிக்கும். 'பாழ்மௌனம்' என்றால் பேச வேண்டியவர் பேசவில்லை என்றாகும். கவிதை எழுதுகிறவர்கள் ஓசைக்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் கவிழ்ந்துவிடும்.

இரண்டும் ஒரே அடியில் வருவதைப் பார்க்க வேண்டுமானால் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் போக வேண்டும். பத்தாம் பத்தின் கடைசிப் பதிகத்தில், பத்தாம் பாசுரம்: 'சூழ்ந்தகன்று ஆழ்ந்துயர்ந்த முடிவில் பெரும்பாழேயோ.' இங்கே பாழுக்கு நாசம் என்று பொருள் கொண்டால் அடியே சிதைந்துவிடும். உரைகாரர்கள் மூலப்பிரகிருதி என்று கொள்கிறார்கள்: எல்லாத் திசையிலும் சூழ்ந்து, அகன்று, கீழும் மேலும் முடிவில்லாமல் பரந்த மூலப்பொருள். நாலு வினையெச்ச, பெயரெச்ச அடுக்குக்குப் பிறகு 'பெரும்பாழ்' வந்து விழுகிறது. ஆழ்தல் அதன் பரப்பைச் சொல்லும் வினைகளில் ஒன்று. பாழ் அந்தப் பொருளின் பெயர். அடியைப் பதம் பிரித்து ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலே ஆழின் ழகரமும் பாழின் ழகரமும் தனித்தனியாகக் கேட்கும்.